விருந்துக்காகக் காத்திருக்கும் ஞானஸ்நானம்

குழந்தைக்கு எந்த நாளில் ஞானஸ்நானம் கொடுப்பது என்ற கேள்வி புத்தளம் மாவட்டக் கரையோரக் கத்தோலிக்கக் குடும்பங்களில் இரண்டு தலைமுறைக்கு முன் கேள்வியாகவே இருக்கவில்லை. பிள்ளை பிறந்தால் அடுத்த ஞாயிறு, பிந்தினால் அதற்கடுத்த ஞாயிறு என்று கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். இன்று வென்னப்புவ, மாரவில, சிலாபம் தொடங்கி கற்பிட்டிப் பக்கத்து மீனவ ஊர்கள்வரை அது ஆறு மாதம், ஒரு வருடம், சில வீடுகளில் ஒன்றரை வருடம் என்று தள்ளிப்போகிறது. பங்குப் பதிவேட்டில் பிறந்த திகதியும் ஞானஸ்நானத் திகதியும் ஒரே வரியில் எழுதப்படுகின்றன. பழைய ஏடுகளில் நாட்களாக இருந்த இடைவெளி புதிய ஏடுகளில் மாதங்களாகிவிட்டது.

இந்தத் தாமதத்தைத் தாங்கிப் பிடிக்க ஒரு வாதமும் வந்து சேர்ந்திருக்கிறது. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தை மோட்சம் சேராது என்ற பயம் போய்விட்டது. பெற்றோர் ஆயத்தமாக நேரம் வேண்டும். திருச்சபையே இப்போது அவசரப்படுத்துவதில்லை. பிறகு ஏன் ஓட்டம் என்று கேட்கிறார்கள். படித்த பொதுநிலையினர் இதைச் சொல்கிறார்கள், சில குருமாரும் தலையசைக்கிறார்கள். சொல்லப்படும் காரணங்களில் பாதி சரியானவை. ஆனால் உண்மையில் நடக்கும் தாமதத்துக்கும் அந்தக் காரணங்களுக்கும் தொடர்பு மிகக் குறைவு.

பழைய அவசரத்துக்கு வலுவான பின்னணி இருந்தது. கி.பி. 253 அளவில் ஃபிதுஸ் என்ற ஆபிரிக்க ஆயர், விருத்தசேதனத்தைப் போல எட்டாம் நாள்வரை பொறுக்க வேண்டுமா என்று கேட்டார். கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் அந்த எட்டு நாளும் தேவையில்லை என்று அந்நகர ஆயர் சிப்பிரியான் வழியாகப் பதில் எழுதினார்கள். 1442இல் புளோரன்ஸ் பொதுச்சங்கம் நாற்பது நாள், எண்பது நாள் என்று ஒத்திவைக்க வேண்டாம் என்றது. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் கட்டளையும் கூடிய விரைவில் என்பதுதான்.

இந்தக் கரையில் அதற்கு உள்ளூர்க் காரணமும் உண்டு. 1659இல் கற்பிட்டி ஒல்லாந்தர் கைக்குப் போனபின் கத்தோலிக்கக் குருவைக் காண்பதே அரிதாயிற்று. 1687இல் யாழ்ப்பாணத்தில் இறங்கி, பின் புத்தளம் வழியே கண்டிக்குப் போன யோசேப் வாஸ் அடிகளும் அவருக்குப் பின் வந்தவர்களும் ஊருக்கு ஊர் மூப்பரையும் அண்ணாவியையும் ஏற்படுத்திச் சபையைக் காத்தார்கள். குரு வரும்வரை பிழைக்குமா என்று தெரியாத பிள்ளைக்கு ஊரிலிருந்த பொதுநிலையினரே தண்ணீர் வார்த்தார்கள். வெகுகாலம் கழிந்து, மலேரியா நாட்டை வாட்டிய 1935இல்கூட, இலங்கையில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 263 ஒரு வயதுக்குள் இறந்தன. அந்த நாட்டில் ஒரு மாதம் காத்திருப்பது உண்மையான ஆபத்து. இன்று அந்த எண் பத்துக்கும் கீழே. சாவுப் பயத்தால் ஓடிய ஓட்டம் நின்றது நல்லதே.

பழைய முறையில் இன்னொரு குறையும் இருந்தது. பிறந்த சில நாளிலேயே நடந்த சடங்கில் பெற்ற தாய்க்கு இடமில்லை. துடக்கோடு அவள் வீட்டில் படுத்திருப்பாள்; மாமியாரோ ஞானத்தாயோ பிள்ளையைத் தூக்கிப் போய், பெயரும் வைத்து, கொண்டுவந்து கையில் கொடுப்பார்கள். நாற்பது நாள் கழித்துத் தனியாக ஆசீர்வாதம் பெறத்தான் அவள் கோயில் வாசலுக்குப் போவாள். 1969இல் வெளிவந்த குழந்தைகள் ஞானஸ்நானச் சடங்குமுறை இதை மாற்றியது. நாள் குறிக்கும்போது முதலில் குழந்தையின் நலம், அடுத்துத் தாய் உடனிருக்கக்கூடிய உடல்நிலை, பிறகு பெற்றோரின் ஆயத்தம் என்று அது வரிசை தந்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் 867ஆம் பிரிவு, பிறந்த முதல் சில வாரங்களுக்குள் ஞானஸ்நானம் கொடுக்கப்படுவதைப் பெற்றோரின் கடமையாக்குகிறது. பிறந்தவுடனே, பிறப்பதற்கு முன்புகூட, பங்குத்தந்தையிடம் போய்ப் பேசவும் சொல்கிறது. ஆக, திருச்சபை தளர்த்தியது நாட்களை; வாரங்களை மாதங்களாக்க அது சொல்லவில்லை.

2007இல் வத்திக்கானின் இறையியல் ஆணைக்குழு வெளியிட்ட ஆவணமும் அடிக்கடி துணைக்கு அழைக்கப்படுகிறது. ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தைகள் மீட்படைவார்கள் என்று நம்ப இடமுண்டு என அது சொன்னது உண்மை. அந்த நம்பிக்கையைச் சொல்லி ஞானஸ்நானத்தைப் பிந்தவைக்கக் கூடாது என்றும் அதே ஆவணம் சொல்கிறது. அந்த வரியை மேற்கோள் காட்டுவோர் குறைவு.

காத்திருப்பு எல்லாம் ஒரே வகையல்ல. பிள்ளை வளர்ந்து தானாக விசுவசித்துக் கேட்கட்டும் என்று பெந்தெகொஸ்தே சபையார் காத்திருக்கிறார்கள். கத்தோலிக்கருக்கு அது ஏற்பில்லை. ஆனாலும் அது சிந்தித்து எடுத்த நிலைப்பாடு. மீனவக் குடும்பத்தின் காத்திருப்புக்கும் பொருளுண்டு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் காற்றில் இந்தக் கடல் கொந்தளிக்கும்போது, படகை ஏற்றிக்கொண்டு கொக்கிளாய், முல்லைத்தீவு, திருகோணமலைப் பக்கம் வாடி போடப் போகிறவர்கள் இருக்கிறார்கள். தகப்பன் கரை திரும்பட்டும் என்று வீடு பொறுக்கிறது. காற்று மாறியதும் வாடி கலையும், ஆள் வந்துவிடுவார்.

இன்று பரவியிருக்கும் காத்திருப்பு இந்த இரண்டிலும் சேராது. அது ஞானப்பெற்றோருக்கும் விருந்துக்குமான காத்திருப்பு. வென்னப்புவவைக் ‘குட்டி இத்தாலி’ என்று ஊரார் அழைக்கும் அளவுக்கு இந்தக் கரையிலிருந்து இத்தாலிக்குப் போனவர்கள் அதிகம். மிலானிலும் ரோமிலும் வீட்டுவேலையும் முதியோர் பராமரிப்பும் செய்து அவர்கள் அனுப்பும் பணத்தில் ஊர் எழுந்து நிற்கிறது. ஆகவே பிள்ளை பிறந்ததும் ஞானத்தாயாக நிற்கப் பொருத்தமானவர் யார் என்ற கேள்விக்கு இத்தாலியிலிருக்கும் சித்தியோ மாமியோ பதிலாகிறார். அவருக்கு லீவு கிடைக்க வேண்டும். அல்லது பெர்மிட் புதுப்பிக்கப்பட வேண்டும். இந்த ஓகஸ்ட் இல்லாவிட்டால் நத்தார், அதுவும் இல்லாவிட்டால் அடுத்த ஓகஸ்ட். இத்தாலிய அலுவலகத்து மேசையில் கிடக்கும் ஒரு கடதாசி சிலாபத்துப் பிள்ளையின் ஞானஸ்நான நாளைத் தீர்மானிக்கிறது.

சட்டம் இதில் எதையும் கேட்கவில்லை. ஒரே ஒரு ஞானத்தந்தையோ ஞானத்தாயோ போதும் என்று 873ஆம் பிரிவு சொல்கிறது. பதினாறு வயது நிரம்பி, உறுதிப்பூசுதல் பெற்று, விசுவாசத்துக்கேற்ப வாழும் கத்தோலிக்கராக அவர் இருக்க வேண்டும் என்கிறது அடுத்த பிரிவு. வர முடியாதவருக்குப் பதிலாள் நிற்கும் வழக்கமும் பழையது. 1917ஆம் ஆண்டுச் சட்டமே அதை ஏற்றிருந்தது. அடுத்த தெருவில் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகும் ஒரு பெண் இருக்க, ஐந்து வருடத்துக்கொருமுறை மூன்று வாரம் ஊருக்கு வருபவருக்காகப் பிள்ளை காத்திருக்கிறது. ஞானத்தாயின் கடமை பிள்ளையின் விசுவாச வாழ்வுக்குத் துணைநிற்பது. சங்கிலி போட்டு, படமெடுத்து, பெட்டி கட்டிப் புறப்படுகிறவரால் அந்தக் கடமையைச் செய்ய முடியாது. அவர் நல்லவரல்ல என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் இங்கே வாழவில்லை.

அந்த நாள் வரும்போது கோயிலில் நடப்பதைக் கவனிக்க வேண்டும். ஞானஸ்நானத் தொட்டியருகே பிள்ளை காலை உதறி அழுகிறது. நேற்று முன்தினம்தான் முதன்முதலாகப் பார்த்த முகம் அதைத் தூக்கி வைத்திருக்கிறது. மிலானிலிருந்து வந்த வெள்ளை உடுப்பு சின்னதாகிவிட்டது. முதுகில் பொத்தான் எட்டாமல் ஊசி குத்தியிருக்கிறார்கள். பிள்ளைக்கு என்ன பெயர் இடுகிறீர்கள் என்று சுவாமி கேட்கிறார். மாதக்கணக்காகப் பிள்ளை அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கிறது. பாஸ்காத் திரியிலிருந்து ஏற்றிய மெழுகுதிரியைத் தகப்பன் பிடிக்கும் நொடியில் வீடியோக்காரர் மறுபடி ஒருமுறை பிடிக்கச் சொல்கிறார். மண்டபத்தில் பதினொரு மணிக்குள் இருக்க வேண்டும் என்று எல்லோர் கண்ணும் மணிக்கூட்டில். இதற்காகத்தான் பத்து மாதம் போயிற்று.

பெற்றோரின் ஆயத்தத்துக்காக என்று சொல்லப்படும் வாதம் இங்கேதான் உடைகிறது. அந்தப் பத்து மாதத்தில் மண்டபம் பதியப்படுகிறது, அழைப்பிதழ் அச்சாகிறது, கேக்குக்கு முற்பணம் கொடுக்கப்படுகிறது, உறவுக்காரர் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் உடுப்புத் தைக்கப்படுகிறது. ஞானஸ்நான ஆயத்த வகுப்பு கடைசி வாரத்தில் ஒரு மாலைப்பொழுது. ஆயத்தமே நோக்கமாக இருந்தால், சட்டம் சொன்னபடி அது தாயின் வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே தொடங்கி, பிறந்த ஆறாம் வாரத்தில் முடிந்திருக்கும்.

இந்த வழக்கத்தின் பெரிய கேடு பணமில்லாத வீட்டில் தெரிகிறது. யூரோ வரும் வீடு விருந்து வைக்கட்டும். அதைப் பார்த்து, விருந்தில்லாத ஞானஸ்நானம் குறைவானது என்ற எண்ணம் பக்கத்து வீட்டுக்கும் வந்துவிட்டது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறியது. மண்ணெண்ணெயில் ஓடும் சிறு படகுகளை நம்பியிருந்தவர்களுக்குக் கடலுக்குப் போவதே நட்டம் என்றாயிற்று. அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பிள்ளைக்கும், கையில் கொஞ்சம் காசு சேரட்டும் என்று ஞானஸ்நானம் தள்ளிவைக்கப்படுகிறது. அல்லது சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கி நடத்தப்படுகிறது. திருச்சபை விலையின்றிக் கொடுக்கும் ஒன்றுக்கு ஏழை கடன்படுகிறார். கேட்டால், வெறுங்கையோடு எப்படிச் சுவாமி என்கிறார். அப்படி அவரை எண்ண வைத்தது ஊர் வழக்கமும், அதைப் பார்த்தும் மண்டப நேரத்துக்கேற்பப் பூசை நேரத்தை மாற்றிக்கொடுத்த பங்கு நிர்வாகமும்தான். இதை வசதிக்கேற்ற பொறுமை என்று நியாயப்படுத்துவது அந்த ஏழைக்குச் செய்யும் அநியாயம்.

கடினமான நிலை ஒன்று உண்டு. வெளிநாட்டில் இருப்பது ஞானத்தாயல்ல, தகப்பனே என்றால்? முதல் பிள்ளையின் ஞானஸ்நானத்தை நேரில் பார்க்கவேண்டும் என்ற அவருடைய ஆசையை யாரும் சிறிதாக எண்ண முடியாது. ஆனால் பெற்றோரில் ஒருவரின் சம்மதம் போதும் என்றே 868ஆம் பிரிவு வைத்திருக்கிறது. வரும் திகதி உறுதியாகத் தெரிந்தால், அது ஒன்றிரண்டு மாதத்துக்குள் என்றால், பொறுக்கலாம். பெர்மிட் எப்போது வரும் என்றே தெரியாதபோது பொறுக்கக் கூடாது. தலவில் புனித அன்னம்மாள் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளையை, ஓகஸ்ட் திருவிழாவுக்குத் தூக்கிப் போய் மாதாவின் தாயிடம் காட்டிவிட்டு, ஞானஸ்நானத்தை மட்டும் அடுத்த வருடத்துக்கு விடும் குடும்பங்கள் தாங்கள் செய்வதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

விருந்தில்லாமல் முடியாது என்பதும் உண்மையல்ல. 2020இல் தொற்றுநோய்க் கட்டுப்பாட்டில் ஆட்கூட்டம் தடைசெய்யப்பட்டபோது, தாய் தகப்பனும் ஞானப்பெற்றோரும் மட்டும் நின்று ஞானஸ்நானங்கள் நடந்தன. அவற்றில் எதுவும் குறைவானதல்ல. 1969 சடங்குமுறையும் அண்மையில் பிறந்த பிள்ளைகள் எல்லோருக்கும் ஞாயிறு ஒன்றில் சபை கூடியிருக்க ஒன்றாகக் கொடுப்பதையே விரும்புகிறது. மாதத்தில் ஒரு ஞாயிறைப் பங்கு முன்கூட்டியே அறிவித்து, அந்த மாதத்துப் பிள்ளைகள் எல்லோரையும் ஒரே பூசையில் ஏற்றுக்கொண்டால், யூரோ வரும் வீட்டுப் பிள்ளையும் வாடியில் பிறந்த பிள்ளையும் ஒரே தொட்டியருகே நிற்பார்கள். கோயில் மண்டபத்தில் எல்லோருக்கும் ஒரு தேநீர் போதும். கேக்கும் அழைப்பிதழும் வீடியோவும் முதல் பிறந்தநாளுக்குப் போகட்டும். இத்தாலியிலிருந்து வருகிறவர்கள் அதற்கு வரட்டும்.

பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே பங்குத்தந்தையிடம் போங்கள். ஞாயிறு பூசையில் உங்களோடு நிற்கும் ஒருவரை ஞானத்தாயாகக் கேளுங்கள். பிறப்பைப் பதிய அரசு 42 நாள் தந்திருக்கிறது; பெரும்பாலான வீடுகள் அந்தக் கெடுவைத் தவறவிடுவதில்லை. ஞானஸ்நானத்துக்கும் அதே 42 நாளை வைத்துக்கொள்ளுங்கள்.