அம்மாவின் கையில் ஒரு சிவப்புப் பொத்தான்: ஒஸ்லோவில் முதியோர் பாதுகாப்பு அலாரம்

கையில் கட்டும் ஒரு சிறு பொத்தான், வரவேற்பறை மேசையில் ஒரு வெள்ளைப் பெட்டி. நோர்வேயில் ‘திரிக்ஹேட்ஸ் அலார்ம்’ என்று அழைக்கப்படும் முதியோர் பாதுகாப்பு அலாரம் பார்வைக்கு இவ்வளவுதான். விழுந்தாலோ தலைசுற்றினாலோ பொத்தானை அழுத்த வேண்டும். இரவு பகலாக இயங்கும் நிலையம் ஒன்று அந்தப் பெட்டியின் ஒலிபெருக்கி வழியாகப் பேசும். தேவையென்றால் ஆள் அனுப்பும். குரூருத் பள்ளத்தாக்கில், அடுக்குமாடி வீடொன்றில் தனியே இருக்கும் என் அம்மாவுக்கு இதை எடுத்தோம். பழகிப் பார்த்ததில் தெரிந்தவற்றை எழுதுகிறேன்.

முதலில் கருவி. பொத்தானிலிருந்து பெட்டிக்குச் செய்தி வானொலி அலையில் போகிறது. ஐரோப்பாவில் இத்தகைய அலாரங்களுக்கென்றே 869 மெகாஹேர்ட்ஸ் அருகே ஒரு சிறு அலைவரிசை ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதனால் வீட்டு வைஃபை நின்றாலும் பொத்தான் வேலை செய்யும். பெட்டிக்குள் கைப்பேசியில் இருப்பதைப் போல ஒரு சிம் அட்டையும், மின்சாரம் போனால் தாங்கப் பற்றரியும் உண்டு. முன்பு இவை செப்புக் கம்பித் தொலைபேசி இணைப்பில் ஓடின. அந்தக் கம்பிகளின் காலம் முடிந்துவிட்டது. 3ஜி வலையும் 2021இல் நின்றுபோனது. ஆகவே யாராவது தங்கள் வீட்டில் கிடந்த பழைய அலாரத்தை அன்பாகக் கொடுத்தால் நன்றி சொல்லி விட்டுவிடுங்கள். புதிதாக எடுப்பவர்களும் அது எந்த வலையில் ஓடுகிறது என்று கேட்டே எடுக்க வேண்டும்.

பொருத்திய பிறகு நிலையத்துக்குச் சொல்லிவிட்டு ஒவ்வொரு அறையிலும் நின்று அழுத்திப் பார்த்தோம். சமையலறையிலும் படுக்கையறையிலும் பேச்சு தெளிவாகக் கேட்டது. குளியலறைக் கதவைச் சாத்தினால் குரல் வருகிறது, சொற்கள் பிடிபடவில்லை. நிலக்கீழ் வைப்பறையில் பொத்தானுக்கும் பெட்டிக்கும் தொடர்பே இல்லை. கொங்கிரீற் சுவர்களுக்கு முன்னால் கையேட்டில் போட்டிருக்கும் தூரக்கணக்கு செல்லாது. குளியலறையில் குரல் தெளிவில்லாதது பெரிய குறையல்ல. அழைப்பு எந்த வீட்டிலிருந்து வருகிறதென்பது நிலையத்தின் திரையில் தெரியும், பதில் இல்லையென்றால் அவர்கள் சும்மா விடுவதில்லை. வைப்பறை விஷயம் வேறு. அங்கே அம்மா இனித் தனியாகப் போவதில்லை என்று முடிவெடுத்தோம்.

கழுத்தில் மாட்டுவதா, கையில் கட்டுவதா? கழுத்தில் மாட்டினால் அம்மாவின் தாலிக்கொடியோடு சிக்கிக்கொண்டது. கைப்பட்டிக்கு மாற்றினோம். அடுத்த சிக்கல் குளியல். பொத்தானுக்குள் தண்ணீர் போகாது, அதோடே குளிக்கலாம். ஆனால் அம்மா ஒவ்வொரு முறையும் அதைக் கழற்றிச் சாமிப்படத் தட்டில் பத்திரமாக வைத்துவிட்டே குளிக்கப் போனார். ஈரத் தரையில்தான் அது மிகவும் தேவை. இதை அம்மாவுக்குப் புரியவைக்க நான் சொன்னது போதவில்லை. வீட்டுக்கு வந்த தாதி சொன்ன பிறகே கேட்டார்.

இனி மொழி. எனக்கு இதுவே பெரிய கவலை. ஒருநாள் அம்மாவின் கை கதிரைப் பிடியில் பட்டுப் பொத்தான் அழுந்திவிட்டது. பெட்டியிலிருந்து நோர்வேஜிய மொழியில் ஒரு பெண்குரல் அன்பாகத்தான் கேட்டது. அம்மா பயந்துபோய் அசையாமல் நின்றார். அன்று மாலை என்னிடம் சொன்னார்: “உதுக்கெல்லாம் ஏன் பிள்ளை அவையளைக் கரைச்சல்படுத்துவான்?” விழுந்து கிடக்கும் நேரத்திலும் இதே எண்ணம் வந்தால் கருவியால் என்ன பயன்? யாழ்ப்பாணத்திலிருந்து பிள்ளைகளோடு சேர வந்த பெற்றோர் பலருக்கு இந்தத் தயக்கம் இருக்கிறது.

நோர்வேயின் மொழிபெயர்ப்பாளர் சட்டம் 2022 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. தேவையான இடங்களில் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரை அமர்த்துவது பொது நிர்வாகத்தின் கடமை என்று அது சொல்கிறது. சிறுவர்களை மொழிபெயர்க்க வைப்பதையும் தடுக்கிறது. ஆகவே அலாரத்துக்கு நகரசபையிடம் விண்ணப்பிக்கும்போதும் அவர்கள் வீட்டுக்கு மதிப்பிட வரும்போதும் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டியதில்லை. நள்ளிரவில் அழுத்தினால் மறுமுனையில் மொழிபெயர்ப்பாளர் காத்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. அதற்கு நாங்கள் செய்தது இது: தமிழ் மட்டுமே தெரியும், உடனே இன்னாரை அழையுங்கள் என்ற குறிப்பை அம்மாவின் பதிவில் சேர்க்கச் சொன்னோம். ‘யாய் ஹார் ஃபால்ட்’, நான் விழுந்துவிட்டேன், என்ற ஒரு வசனத்தை அம்மாவுக்குப் பழக்கினோம். பிறகு அவரே அழுத்தி, அவரே பேசி ஒத்திகை பார்த்தார். மறுமுனையிலிருந்த பெண் பாராட்டினார். அன்றோடு பயம் பாதி போனது.

உதவிக்கு வருகிறவர் உள்ளே எப்படி வருவார் என்பதையும் முன்பே தீர்க்க வேண்டும். மின்பூட்டோ சாவிப்பெட்டியோ இருந்தால் உதவியாளர் கதவைத் திறக்கலாம். ஆனால் நம்மவர் பலர் இரவில் உள்பக்கச் சங்கிலியையும் போட்டுவிட்டே படுப்பார்கள். சங்கிலி போட்ட கதவை மின்பூட்டு திறக்காது. அம்மா வீட்டுச் சங்கிலியைக் கழற்றியே விட்டோம்.

விழுவதை உணரும் கைக்கடிகாரம் போதாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். 2019இல் இதே ஒஸ்லோவில் அறுபது வயது கடந்த ஒருவர் இரவில் குளியலறையில் மயங்கி விழுந்தார். முகத்தில் எலும்பு முறிவு. அவருடைய ஆப்பிள் கடிகாரம் விழுந்ததை உணர்ந்து அவசர சேவையை அழைத்தது, பொலிஸார் வந்து மீட்டார்கள். மயங்கியவரால் பொத்தானை அழுத்த முடியாது. அந்த இடத்தில் கடிகாரத்துக்கே வெற்றி. ஆனால் எல்லா விழுகைகளையும் அது கண்டுபிடித்துவிடாது என்று ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது. கதிரையிலிருந்து மெல்லச் சரிவதை அது விழுகையாக எடுக்காமல் விடலாம். வழக்கமான மாதிரிகளை ஏறக்குறைய தினமும் மின்னேற்ற வேண்டும். அருகில் ஐபோனோ கடிகாரத்துக்கே தனி இணைப்போ வேண்டும். எண்பது வயதைக் கடந்து தனியே அல்லாடித் திறன்பேசி பழகும் ஒருவருக்கு இது சுமை. பொத்தானின் பற்றரியோ வருடக்கணக்கில் நிற்கும். 1980களில் இளைஞர்களாக நோர்வேக்கு வந்து, வடக்கே ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் உழைத்து, இன்று அறுபதைத் தாண்டி நிற்கும் நம்மவருக்குக் கடிகாரம் பொருந்தும். அவர்களுக்கு மொழியும் தெரியும், கைப்பேசியும் தெரியும்.

பனி உறைந்த நடைபாதையில் தினமும் நடப்பவர்களுக்கு வீட்டுப் பெட்டி உதவாது. ஜிபிஎஸ் உள்ள நடமாடும் அலாரம் வேண்டும், அதற்கு ஒழுங்காக மின்னேற்ற வேண்டும். ஞாபகமறதி நோயாளிகளுக்கு இத்தகைய கருவியைப் பயன்படுத்துவதற்கான சட்ட ஏற்பாடு 2013 முதல் நோர்வேயில் இருக்கிறது.

என் தீர்ப்பு: தனியே வாழும் வயதான தமிழ்ப் பெற்றோருக்கு நகரசபை வழியாகக் கிடைக்கும் எளிய பொத்தான்தான் முதல் தெரிவு. ஒஸ்லோவின் 15 பீடேல்களில் (நகரப் பிரிவுகளில்) நீங்கள் எதற்கு உட்பட்டவரோ அங்கே விண்ணப்பியுங்கள். கட்டணம் நகரசபைக்கு நகரசபை வேறுபடும், கேட்டுக்கொள்ளுங்கள். நெஞ்சுவலி, வாய் கோணுதல், மூச்சுத்திணறல் என்றால் பொத்தானைத் தேடாமல் நேரே 113ஐ அழைக்க வேண்டும். அந்த எண்ணைப் பெரிதாக எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். முதல் விழுகை வரட்டும் என்று காத்திராமல், இந்த வாரமே அம்மா அப்பாவோடு உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்புங்கள்.