சிலம்பும் எண்பட்டையும்

கோவலன் கொலையுண்டமைக்கு ஊழையும் பொற்கொல்லனையும் காரணங்காட்டி அமைந்துவிடுவது வகுப்பறை வழக்கம். கொலைக்களக் காதையை ஊன்றிக் கற்பார்க்கு அவ்விரண்டும் போதா. பாண்டியன் இட்ட ஆணையை நோக்குக. தேவியின் சிலம்பு அக்கள்வன் கையில் இருக்குமாயின் கொன்று கொணர்க என்றே அவன் ஏவுகின்றான். ‘ஆயின்’ என்றொரு கட்டு அவ்வாணையிலேயே உளது. அது தேவியின் சிலம்புதானா என்று தேர்ந்தவர் யார்? ஒருவருமிலர். சிலம்பின் வேலைப்பாட்டைக் காவலர் காணாமலில்லை. ஆனால் பொற்கொல்லன் காட்டியவாறே கண்டனர். உள்ளிருக்கும் பரல் மாணிக்கமா முத்தா என்னும் வினா வழக்குரை காதையில்தான் எழுகிறது. அதற்குள் கோவலன் உயிர் போய்விட்டது.

காவலரை இளங்கோவடிகள் கொடியராகப் படைத்திலர். இவன் தோற்றம் கொலைக்குரியவன் தோற்றமன்று என அவர்கள் ஐயுறுகின்றனர். கொல்லன் நகைத்து, மந்திரம், தெய்வம், மருந்து முதலாகக் கள்வர்க்குத் துணையாவன எட்டு என்று களவுநூல் விரிக்கின்றான். நூலறிந்தவன் பேச்சில் ஐயம் கரைகிறது. இளங்காவலன் ஒருவன் தான் முன்பு கண்ட கள்வனின் திறத்தைச் சொல்லி, இனிச் செய்வது யாதெனக் கேட்கின்றான். எவரும் விடை கூறுமுன் கல்வியற்ற குடியன் ஒருவன் வாளை வீசிவிடுகின்றான்.

இக்காதைக்கு இன்று உரை காண்பார், அமெரிக்க நாட்டு வழக்கொன்றை உடன்வைத்துப் படித்தல் தகும். ஊர்திகளின் எண்பட்டையைப் படம்பிடித்து, எழுத்தாக மாற்றி, களவுபோனவற்றின் பட்டியலோடு ஒப்பிடும் கேமராக்களை அங்குள்ள போலீசார் கையாள்கின்றனர். 2009 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோ நகரில் அத்தகைய கேமரா ஒன்று 3 என்னும் இலக்கத்தை 7 எனப் படித்தது. அவ்வாறு பிறந்த எண், களவுபோன சாம்பல்நிற டிரக் ஒன்றுக்கு உரியது. மறிக்கப்பட்டதோ கருஞ்சிவப்பு லெக்சஸ் கார். அதை ஓட்டிவந்த பெண்மணியைத் துப்பாக்கி முனையில் மண்டியிடச் செய்து விலங்கிட்டனர். கேமரா எடுத்த படம் மங்கலானது. கேமரா வண்டியிலிருந்தவர் வயர்லெஸ் வழியே செய்தி சொன்னார்; மறித்தவர், அவர் சரிபார்த்திருப்பார் என்று கொண்டார். முன்னே சென்ற காரின் எண்ணைக் கண்ணால் ஒருமுறை படித்திருந்தால் போதும். 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அவ்வாறு மறித்தது முறைதானா என்பதை ஜூரிகள் ஆராயவேண்டுமென வழக்கைத் திருப்பி அனுப்பியது.

2020 ஆகஸ்டில் கொலராடோ மாநிலத்து அரோரா நகரில் நிகழ்ந்தது இன்னும் விந்தை. அங்கே எண் பிழையின்றியே படிக்கப்பட்டது. அதே எண் மொன்டானா மாநிலத்தில் களவுபோன மோட்டார் சைக்கிளுக்கும் இருந்தது. காரில் வந்த 6 முதல் 17 வயது வரையான சிறுமியர் நால்வரைத் தரையில் குப்புறக் கிடத்தினர். 2024-இல் நகராட்சி 19 லட்சம் டாலர் இழப்பீட்டுக்கு இசைந்தது. காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் வேற்றுமை காணச் சிலம்பை உடைக்க வேண்டுவதில்லை!

ஒப்புமைக்கு எல்லையுண்டு. பொற்கொல்லன் தன் களவை மறைக்கப் பொய்யுரைத்தான், கேமராவின்பால் கரவில்லை. அதனாலேயே அதன் சொல்லை ஐயுறுவாரும் அருகுகின்றனர். அயல்நாட்டுச் செய்தியென இதனை ஒதுக்கவும் இயலாது. பிறர் எண்ணைப் பொருத்திய ‘குளோன்’ கார்கள் மலேசியாவில் பலமுறை பிடிபட்டுள்ளன. லகாட் சாலையில் அத்தகைய காரும் அவ்வெண்ணுக்கு உரிய காரும் அடுத்தடுத்துச் செல்லினும், எண்ணை மட்டும் படிக்கும் கேமராவுக்கு இரண்டும் ஒன்றே.

ஊழ் என்று கூறி இக்காதையை முடிப்பவர், காவலர் ஐயுற்ற பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றனர். பாண்டியன் குற்றமுணர்ந்து அரியணையிலேயே வீழ்ந்தமை நெடிது பேசப்படுகிறது. செய்வது யாதெனக் கேட்டு நின்ற இளங்காவலனைப் பற்றித் தேர்வுத்தாளில் ஒரு வினாவும் வருவதில்லை.