கீழாநெல்லியும் லான்செட் கட்டுரையும்: எந்தக் காமாலைக்கு?

மதுரைப் பக்கம் பிள்ளைக்குக் கண் மஞ்சளாயிட்டா முதல்ல வர்ற பேச்சு கீழாநெல்லி. அரைச்சு மோர்ல கலந்து வெறும் வயித்துல கொடுப்பாங்க. "இதுக்கு ஆராய்ச்சி ஆதாரமே இருக்கே" என்பவர்கள் காட்டுவது 1988-ல் லான்செட்டில் வந்த கட்டுரையை. அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்ப்போம்.

சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் செய்த ஆய்வு அது. ஹெபடைடிஸ் பி வைரஸ் ஆராய்ச்சிக்காக 1976-ல் நோபல் பெற்ற ப்ளம்பெர்க்கும் ஆசிரியர்களில் ஒருவர். 30 நாள் கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேருக்கு, பி வைரஸின் மேலுறைப் புரதம் (ஹெச்பிஎஸ்ஏஜி) ரத்தத்தில் காணாமல் போனது. ப்ளாசிபோ எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான். அசத்தலான எண்கள்தான். ஆனால் சோதித்தது மருந்து முடிந்த 15-20 நாளில். அவர்களே அதை முதற்கட்ட ஆய்வு என்றுதான் சொன்னார்கள். 1990-ல் அதே லான்செட்டில் தாய்லாந்துக் குழு ஒன்று பலன் இல்லை என்று எழுதியது.

என் முக்கிய ஆட்சேபம் எண்கள் மேல் இல்லை. ஆய்வுக்கு உட்பட்டவர்கள் பி வைரஸை நாள்பட்டுச் சுமந்தவர்கள். காமாலை வந்த குழந்தைகள் இல்லை. நம்மூர்க் குழந்தைகளுக்கு வரும் திடீர்க் காமாலைக்குப் பெரும்பாலும் காரணம் ஏ வைரஸ். அசுத்தமான தண்ணீர், சாப்பாடு வழியா வர்றது. பொதுவாகச் சில வாரங்களில் தானே சரியாகும். மூலிகை கொடுத்தாலும் சரியாகும், கொடுக்காட்டியும் சரியாகும்; பேர் மட்டும் மூலிகைக்கு.

பி வேற ரகம். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் 100-ல் சுமார் 90 குழந்தைகளிடம் அது தங்கிவிடும். பெரும்பாலும் கண்ணே மஞ்சளாகாது. சிரோசிஸோ ஈரல் புற்றுநோயோ வருஷங்கள் கழித்து வரலாம். திரையில் எரர் வரலைன்னா பக் இல்லைன்னு எங்க தொழில்ல யாரும் ஒத்துக்க மாட்டாங்க.

அதனால் கேட்க வேண்டியது "எந்த வைரஸ்?" என்பதுதான். பிலிரூபின் அளவு அதைச் சொல்லாது. ஏ, ஈ இரண்டுக்கும் ஐஜிஎம் சோதனை, பி-க்கு ஹெச்பிஎஸ்ஏஜி. அது பாசிட்டிவ் என்றால் புதுத் தொற்றா பழசா என்று பிரிக்க கோர் ஐஜிஎம் உதவும். ஏற்கெனவே பி இருக்கும் பிள்ளைக்கு ஏ-யும் வரலாம் இல்லையா? ஏ-யிலும் அபூர்வமாக ஈரல் செயலிழக்கும். பிள்ளை அளவுக்கு மீறித் தூங்கினாலோ, குழறினாலோ, ரத்தம் கசிந்தாலோ அரைச்சுக் கொடுக்க நேரமில்லை. உடனே பெரிய ஆஸ்பத்திரி.

பி-யைத் தடுக்கும் ஊசி பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டியது. அரசு மருத்துவமனைகளில் இலவசம். அதற்கான ஆதாரம் ஒற்றைக் கட்டுரையில் தொங்கவில்லை.