மங்கையர்க்கரசியார் புராணச் சுருக்கம்

பாண்டிநாட்டிற் சைவம் மீண்டுந் தழைத்தற்கு வித்தாய் நின்றவர் மங்கையர்க்கரசியார் என்பதனை மறுப்பார் இலர். அங்ஙனமாகவும், திருத்தொண்டர் புராணத்துள் அவர்தம் பெயரான் அமைந்த புராணம் மூன்றே திருப்பாட்டுக்களான் முடிகின்றது. உடனின்ற அமைச்சர் குலச்சிறையார்க்கும், கணவராகிய நின்றசீர் நெடுமாறர்க்கும் பத்துப்பாட்டளவில் தனித்தனிப் புராணங்கள் உள. இதுகொண்டு, பெண்பாலாரைப் பாடுமிடத்துச் சேக்கிழார் பெருமான் கைசுருக்கினார் எனச் சிலர் கூறுவர். சித்திரைத் திங்கள் உரோகிணியில் நிகழும் குருபூசைக் கூட்டங்களிலோ வேறொரு குறை காணப்படுகின்றது. அம்மையாரைக் கற்பிற் சிறந்த மனைவியார் என்று பலபடப் புகழ்ந்து, அவரது மங்கலநாண் காக்கப்பட்ட செய்தியோடு சொற்பொழிவை முடித்துவிடுவர். முன்னையோர் நூலை எண்ணிப் பார்த்தனர். பின்னையோர் எண்ணியும் பார்த்திலர். இருதிறத்தார்க்கும் விடை நூலினகத்தே உளது.

பெண்பாலார் என்பதனாற் சுருக்கினார் என்பது பொருந்தாது. காரைக்காலம்மையார்க்கு அறுபதுக்கு மேற்பட்ட திருப்பாட்டுக்களை வகுத்தவரும் அவரே. அன்றியும், இரண்டாம் பாட்டிற் சுருக்கத்திற்குக் காரணமும் அவரே கூறியுள்ளார். ஞானப்பால் உண்டருளிய பிள்ளையார் திருவாக்காற் பாடப்பெறும் தவமுடையாரைப் பற்றி யாம் என்ன அறிந்து கூறுவது என்பது அவர் கருத்து. இஃது அவையடக்க முறையாற் கூறிய வெற்றுரை அன்று. திருவாலவாய்ப் பதிகங்களுள் ஒன்று அம்மையார் பெயரையே முதற்சொல்லாகக் கொண்டு எழுகின்றது. ஒரு பாட்டு அரசியார்க்கும் அடுத்த பாட்டு அமைச்சர்க்குமாக மாறிமாறிச் சென்று, திருக்கடைக்காப்பில் இருவரையும் ஒருங்கு சேர்த்து முடிகின்றது. மதுரையின் புறத்தே எதிர்கொண்ட குலச்சிறையார் முதலியோர் ஆலவாயைச் சுட்டிக்காட்டக் கண்ட அளவிலே பிள்ளையார் இதனை அருளிச்செய்தார் என்பது புராணம். அஃதாவது, அம்மையாரை நேரிற் காணுமுன்னரே அவர்தம் தொண்டு பாட்டாயிற்று. ஏழாம் நூற்றாண்டில், அரசியார் ஒருவர் செய்த செயலுக்கு அவர் காலத்தவரே பாடிய சான்று இது. நெடுமாறர் எனப் பலராலுங் கருதப்படும் அரிகேசரி மாறவர்மரது நெல்வேலி வெற்றியை வேள்விக்குடிச் செப்பேடு விளங்கக் கூறுகின்றது. அவர்தம் தேவியாரைக் கூறிற்றிலது. அரசர் வெற்றியைச் செம்பு காத்தது. அரசியார் தொண்டைத் திருப்பதிகம் காத்தது.

இனி, அம்மையாரது உண்மைப் புராணம் இருக்குமிடம் திருஞானசம்பந்தர் புராணமே. ஆயிரத்திருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட பாட்டுக்களையுடைய அப்பெரும் புராணத்துள், மதுரை நிகழ்ச்சிகளை அம்மையார் செயலைமட்டும் பின்பற்றிக்கொண்டு படித்துப் பார்த்தால், அவர் ஒருகாலும் வாளாவிருந்தார் அல்லர் என்பது தெளிவாகும். நாட்டிற்கு வந்த தீங்கின் அளவை நினைந்து வருந்தி, தமது சைவ ஒழுக்கம் வேந்தர்க்குப் புலப்படாவண்ணம் காத்தொழுகுகின்றார். பிள்ளையார் திருமறைக்காட்டில் எழுந்தருளியிருத்தலை அறிந்து, அமைச்சரோடு கூடித் தூது விடுக்கின்றார். கோயிலில் ஒருபுடை ஒதுங்கி நின்று காத்திருந்து, பிள்ளையார் வெளிப்போந்த பின்னரே அடிவீழ்கின்றார். அரசியார்க்குரிய ஆரவாரம் ஒன்றும் அவ்விடத்து இல்லை.

இவை யாவற்றினும் சிறந்தது பள்ளியறை உரையாட்டு. சோழநாட்டு அந்தணப்பிள்ளை வாதிற்கு வந்துள்ளமை கேட்டு வேந்தர் மனம் நொந்து கிடக்கின்றார். தேவியார் வினவக் காரணத்தைக் கூறுகின்றார். அவ்விடத்துத் தேவியார் சமணரைப் பழித்தாரல்லர், தம் சமயத்தைப் புகழ்ந்தாருமல்லர், அழுதாரும் அல்லர். இருதிறத்தாரும் வாது புரியட்டும், வென்றவர் பக்கம் சேர்தலே உறுதி, வேந்தர் கலங்கற்க என்று கூறியமைகின்றார். இதன் திட்பத்தை உற்று நோக்குதல் வேண்டும். தம் உள்ளத்தைப் புலப்படுத்தாமலே, வேந்தர் மறுக்கவொண்ணாத நடுவுநிலை ஒன்றைத் தேவியார் நாட்டிவிட்டார். பின்னர் வெப்புநோய் வந்தபோது, நோய் தீர்ப்பவர் பக்கம் சேர்வேன் என்று வேந்தர் தம் வாயாற் கூறியதற்கு அன்றிரவு இட்ட அடிப்படையே காரணம் என்க. அமைச்சர் நூல்கள் பல கற்றாரும் இச்சிறு மறுமொழிக்கு ஒப்பாவது ஒன்றைக் காட்டுதல் அரிது.

மடத்தில் தீயிட்ட செய்தி கேட்டபோது அம்மையாரும் அமைச்சரும் உயிர்விடவும் துணிந்தனர். அந்நெருப்பைப் பாண்டியரையே மெல்லச் சென்று பற்றுமாறு பிள்ளையார் பணித்ததற்குச் சேக்கிழார் ஐந்து காரணங்கள் கூறுவர். அவற்றுள் முதலாவதே தேவியார் மங்கலநாணைப் பாதுகாத்தல். குருபூசைச் சொற்பொழிவாளர் பற்றிக்கொள்வது இதனையே. இஃது அம்மையார் பெற்ற பேறு. அவர் ஆற்றிய செயல் அன்று. பேற்றையே பேசிச் செயலை விடுதல், ஒருவர்க்குக் கிடைத்த பரிசிலைப் போற்றி அப்பரிசில் எதற்காகக் கிடைத்தது என்று கேளாது போதலை ஒக்கும். செயலோ அதன் பின்னும் தொடர்கின்றது: சிவிகையேறி மடத்திற்குச் சென்று பிள்ளையாரை அழைத்தவர் அவர், அரசவையிற் சமணர் பலராய் ஆரவாரித்து எழுந்தபோது, இப்பிள்ளையோ இளையர், முதற்கண் நோய் தீர்க, பின்னர் வாது நிகழ்க என வேந்தர்க்கு உரைத்தவரும் அவர். அவரது பரிவினைத் தேற்றுதற்கென்றே, அவரை முன்னிலைப்படுத்தி, தம்மைப் பாலன் என்று கருதி வருந்தவேண்டா எனப் பிள்ளையார் ஒரு திருப்பதிகம் அருளினார். ஓர் அடியாரை, அதுவும் ஓர் அரசியாரை, விளித்துப் பாடிய பதிகம் தேவாரத்துள் அரிதாகக் கிடைப்பதொன்று.

ஓரிடம் மட்டும் தடை நிகழ்த்தற்குரியது. கணவர்க்குப் புலப்படாவண்ணம் ஓர் ஒழுக்கத்தைப் பல்லாண்டு போற்றுதல் கற்பிற்கு இழுக்கன்றோ எனின், அதற்குச் சேக்கிழார் நேரே விடை கூறிற்றிலர். இழுக்கென்று கருதியிருப்பின் மறைத்துச் செல்லவும் வல்லவரே. அங்ஙனம் மறையாது வெளிப்படவே எழுதினார். கற்பு என்னும் ஒருசொல்லால் அம்மையாரை முழுதும் அளந்துவிடுவார்க்கு இப்பகுதி இடர்ப்பாடாதல் இயல்பே. அவர்கள் இதனைத் தொடாது செல்வதற்கும் காரணம் இதுவாகலாம்.

நம்பியாரூரர் அம்மையாரை மானி என்னும் பெயராற் போற்றினார். அஃது இயற்பெயரோ சிறப்புப்பெயரோ என்னும் வழக்கு ஈண்டு வேண்டுவதன்று. மானமுடையார் என்னும் பொருள் எவ்வாற்றானும் நிற்கும். சேக்கிழார் பெருமானோ, இரண்டாம் பாட்டில் மற்றொரு சொல்லை ஆண்டார். நெடுமாறர்க்கு அம்மையார் நெடுங்காலம் சைவ வழித்துணை ஆயினார் என்பது அது. மனைவியை வாழ்க்கைத்துணை என்றல் திருவள்ளுவர் வகுத்த வழக்கு. அச்சொல் சேக்கிழார்க்குத் தெரியாததன்று. அதனை விடுத்து வழித்துணை என்றார். வாழ்க்கைத்துணை கணவர் செல்லும் நெறியில் உடன்செல்பவர். வழித்துணையோ, வழி தவறினார்க்கு வழியறிந்து உடன்வருபவர். மூன்று பாட்டில் அடங்கிய இப்புராணத்துள் இவ்வொரு சொல்லுக்கு விரிவுரை வேண்டுவார், மதுரைப் பள்ளியறையில் அன்றிரவு நிகழ்ந்த மறுமொழியை மீண்டும் ஒருமுறை படித்துக்கொள்க.