பிஎஃப்சென்ஸ்: முறையாக நின்றதா, பாதியில் விழுந்ததா?

பிஎஃப்சென்ஸ், ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் மேல் ஓடும் திறமூல ஃபயர்வால். 2004இல் தொடங்கிய திட்டம். பழைய கணினியில் இரண்டு நெட்வொர்க் கார்டு போட்டாலே ஓடும் என்பதால் சிறு அலுவலகங்களுக்கு ஏற்றது. ஆடிப்பெருக்கில் காலண்டர் ஆல்பம் வெளியிட்ட நாள் முதல் ஓய்வில்லாமல் ஓடும் சிவகாசி அச்சகத்திலோ, தீபாவளி ஆர்டர் குவியும் பட்டாசு அலுவலகத்திலோ, இந்தப் பெட்டிக்குப் பெரிய சோதனை மின்தடை. மாதாந்திரப் பராமரிப்புத் தடை நாளிதழில் முன்பே வந்துவிடும். கோடை இடிமழை சொல்லிக்கொண்டு வருவதில்லை.

பயாஸில் அப்படி அமைத்திருந்தால், மின்சாரம் திரும்பியதும் பெட்டி தானே எழுந்துவிடும். அதற்கு முன் அது ஒழுங்காக நின்றதா, விழுந்ததா என்பதற்கு முகப்புப் பக்கத்தில் கிடைப்பது, எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்ற ஒரு வரிதான். ஃபோர்டிகேட் என்ற வணிக ஃபயர்வால் இதில் மேல்: எதிர்பாராமல் மின்சாரம் போனதைப் பதிவில் எழுதி, வட்டைச் சரிபார்க்கும்படி நிர்வாகியிடம் சொல்லும். பிஎஃப்சென்ஸில் தேடித்தான் எடுக்க வேண்டும்.

தேட வேண்டிய முதல் இடம் சிஸ்டம் லாக். முறையாக நிறுத்தினால், சிக்னல் 15 கிடைத்து வெளியேறுவதாக சிஸ்லாக் சேவை கடைசி வரியை எழுதிவிட்டுப் போகும். மின்சாரம் அறுந்தால் அந்த வரி இருக்காது. சாதாரண வரி ஒன்றுக்கு அடுத்ததாகவே கெர்னல் துவங்கும் வரி வந்து நிற்கும். 'லாஸ்ட்' கட்டளையும் இதையே காட்டும்: இரண்டு துவக்க நேரங்களுக்கு நடுவே நிறுத்திய நேரம் இல்லையென்றால் சந்தேகம் உறுதி. கெர்னலே நிலைகுலைந்து விழுந்திருந்தால் பெரும்பாலும் கிராஷ் அறிக்கை மிஞ்சும். மின்வெட்டு அப்படி எதையும் விட்டுச்செல்லாது. எவ்வளவு நேரம் இருட்டில் கிடந்தது என்பதைக் கண்காணிப்பு வரைபடத்தில் விழுந்த இடைவெளி சொல்லும்.

கோப்பு முறைமையைப் பொறுத்தும் தடயம் மாறும். யுஎஃப்எஸ் வட்டு, சரியாகக் கழற்றப்படவில்லை என்று துவங்கும்போதே எச்சரித்து எஃப்எஸ்சிகே என்ற வட்டுச் சோதனைக்குப் போகும். புதிய பதிப்புகளில் இயல்பாக வரும் இசட்எஃப்எஸ் அப்படிக் கூவாது. பழைய தரவின் மேல் எழுதாமல் புது இடத்தில் எழுதும் முறை என்பதால், கடைசிச் சில விநாடிப் பதிவுகள் போனாலும் வட்டின் ஒழுங்கு குலையாது. இடிமழை ஊருக்கு இசட்எஃப்எஸ்தான் சரி. ஆனால் பளிச்சென்று தெரியும் தடயம் ஒன்று அதனால் போய்விடுகிறது. பதிவுகளை நினைவகத்திலேயே இயங்கும் ராம் வட்டில் வைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்: மின்சாரத்தோடு சாட்சியும் போகும். மதர்போர்டு பேட்டரி தீர்ந்த பழைய கணினியில், என்டிபி வழியாக இணையத்திலிருந்து சரியான நேரம் வரும்வரை பதிவின் தேதிகளை நம்ப முடியாது.

இந்தக் குறைகளை ஈடுகட்ட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பதிவுகளை உடனுக்குடன் வேறொரு கணினிக்கு அனுப்பும் வசதி. பதிவுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்லும் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் உத்தரவுக்கும் அது உதவும். அந்தக் கணினியும் யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். மற்றது 'நட்' என்ற இணைப்புத் தொகுப்பு. யுபிஎஸ்ஸிலிருந்து யுஎஸ்பி கேபிள் கொடுத்தால், பேட்டரிக்கு மாறிய நேரத்தைப் பதிந்து, சார்ஜ் தீருமுன் பெட்டியை முறையாக நிறுத்தும். வீட்டு இன்வெர்ட்டரில் பொதுவாக டேட்டா கேபிள் இருக்காது. அதில் மாட்டிய பெட்டிக்கு நட் பயன்படாது.