திருமுழுக்குப் பெற்ற குழந்தையும் பெற்றோர்க்கான நூல்களும்

குழந்தைக்குத் திருமுழுக்கு வழங்கிய சில நாட்களுக்குள் இளம் பெற்றோர் தம் ஆயரை அணுகி, பிள்ளையைக் கர்த்தருக்கேற்றபடி வளர்க்க எந்நூலைப் படிக்கலாம் என்று வினவுவதுண்டு. இதற்கு நாம் தரும் விடை சிறியதாகத் தோன்றினும், அது ஓர் இறையியல் தீர்ப்பேயாகும். அரைமணி நேரப் பிரசங்கத்தைக் காட்டிலும் ஆயர் கைகாட்டிய நூல் அவ்வில்லத்தில் நீண்டநாள் பேசும். ஆகவே, அமெரிக்கப் புராட்டஸ்டண்டு வட்டங்களில் எழுந்து, கிறிஸ்தவப் பெற்றோரிடையே செல்வாக்குப் பெற்ற மூன்று நூல்களை இங்கு ஆராய முற்படுகிறோம். நமது அளவுகோல் ஒன்றே: இந்நூல் குழந்தையை யாராகக் காண்கிறது?

முதலாவது, 2025-இல் மறைந்த உளவியலாளர் ஜேம்ஸ் டாப்சன் 1970-இல் வெளியிட்ட 'டேர் டு டிசிப்ளின்'. மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக் 1946-இல் எழுதிய புகழ்பெற்ற நூல், பெற்றோர் தம் இயல்பறிவை நம்பிக் குழந்தையிடம் இணக்கமாயிருக்கும்படி ஊக்கிற்று. அதன் பின்வந்த தலைமுறையில் கண்டிப்பு குன்றியது என்பது டாப்சனின் குறை. வரம்புகள் தெளிவாயிருத்தல் வேண்டும், சொன்ன சொல்லில் பெற்றோர் நிற்றல் வேண்டும், கைக்குழந்தையை அடிக்கலாகாது, சினத்தில் கை ஓங்கலாகாது என அவர் கூறுவனவற்றில் பயனுள்ளவை பல. எனினும் அவர் வரையும் இல்லம் ஒரு போர்க்களம். பிள்ளை அறைகூவுகிறது, பெற்றோர் வென்றே தீர வேண்டும். 1978-இல் வெளிவந்த அவரது மற்றொரு நூலில், உறங்கப் போக மறுத்த தம் வீட்டு நாயை வாரால் அடித்துப் பணியவைத்த நிகழ்ச்சியை விவரித்து, அதனையே பிள்ளை வளர்ப்புக்கும் பாடமாக்குகிறார். 'அடியாத மாடு படியாது' என்னும் நம் பழமொழி இங்கு உளவியலின் உடையில் திரும்பி வருகிறது எனலாம்.

அவ்வுவமை எங்குக் கொண்டுபோய் விடக்கூடும் என்பதற்கு இரண்டாவது நூல் சான்று. மைக்கேல் பெர்ல், டெபி பெர்ல் தம்பதியர் 1994-இல் வெளியிட்ட 'டு டிரெய்ன் அப் எ சைல்ட்', முரட்டுக் கோவேறு கழுதைகளைப் பழக்கும் முறையையே குழந்தைக்கும் பொருத்துகிறது. தவழும் பருவத்திலேயே குழந்தையின் முன் ஆசையூட்டும் பொருளை வைத்து, அது கைநீட்டும்போது மெல்லிய குச்சியால் அடித்துப் பழக்கும்படி கற்பிக்கிறது. சோதனைக்குட்படுத்திப் பின் தண்டிக்கும் பெற்றோரிடத்தில் எத்தகைய கடவுளின் சாயலைக் குழந்தை காணும்? 2006, 2010, 2011 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்காவில் மாண்ட மூன்று தத்துப் பிள்ளைகளின் வழக்குகளில் இந்நூலின் போதனை குறிப்பிடப்பட்டது. ஆசிரியர்கள் தம்மீது பொறுப்பில்லை என மறுத்தனர். நூல் கொலை செய்வதில்லை என்பது மெய்யே. ஆயினும் பிள்ளையின் சித்தம் பணியும்வரை நிறுத்தலாகாது என்று போதித்தபின், எங்கு நிறுத்துவது என்று பெற்றோர்க்கு எவர் சொல்வர்?

நீதிமொழிகளின் 'பிரம்பு' வசனங்களை இவ்வகை நூல்கள் அரணாகக் கொள்கின்றன. மூலமொழியில் அங்கு வரும் 'ஷேவெத்' என்னும் சொல்லே 23-ஆம் சங்கீதத்தில் மேய்ப்பனின் கரத்திலும் உள்ளது. நமது பழைய மொழிபெயர்ப்பு அதனைச் சங்கீதத்தில் 'கோல்' என்றும், நீதிமொழிகளில் 'பிரம்பு' என்றும் பெயர்த்தமையால், தமிழ் வாசகர்க்கு இவ்வுறவு புலப்படுவதில்லை. எனினும் இச்சொல்லாராய்ச்சியால் இடர் முழுவதும் தீர்ந்துவிட்டதாகப் பாசாங்கு செய்தல் தகாது; 23-ஆம் அதிகாரம் அடித்தலையே பேசுகிறது என்பது வெளிப்படை. ஞான இலக்கியத்தின் அறிவுரை அக்கால இல்லத்தின் வழக்கத்தில் நின்று பேசுகிறது. அதனைக் கிறிஸ்துவின் கண்கொண்டே திருச்சபை வாசிக்க வேண்டும். சிறுபிள்ளையை நடுவே நிறுத்தி, அதனைப்போல் ஆகும்படி பெரியோர்க்குக் கட்டளையிட்டவர் அவர். பிள்ளைகளுக்குக் கோபமூட்ட வேண்டாமெனத் தந்தையரை எச்சரிக்கும் பவுலின் நிருபங்களும் அதே வழியில் நிற்கின்றன.

மூன்றாவது நூல் காலத்தால் முந்தியது. கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டு நகரில் ஆயராயிருந்த ஹொரேஸ் புஷ்னெல், 'கிறிஸ்டியன் நர்ச்சர்' என்னும் தம் சிந்தனையை 1847-இல் முதலில் வெளியிட்டார். எதிர்ப்பு எழவே, பதிப்பித்த மாசசூசெட்ஸ் ஓய்வுநாட்பள்ளிச் சங்கம் அதன் விற்பனையை நிறுத்திற்று. விரிவான பதிப்பு 1861-இல் வந்தது. பிள்ளை பாவத்தில் வளர்ந்து, பின்னொருநாள் எழுப்புதல் கூட்டத்தில் மனந்திரும்பட்டும் என்று காத்திருந்த அக்காலப் போக்கை அவர் மறுத்தார். தான் கிறிஸ்தவனாய் இராத ஒரு நாளை அறியாதவனாகவே பிள்ளை வளரலாம் என்பது அவரது கொள்கை. முட்டையை மணலில் விட்டகலும் தீக்குருவிக்கு, பிள்ளையின் ஆவிக்குரிய வாழ்வைப் பிற்காலத்துக்கு ஒத்திவைக்கும் பெற்றோரை ஒப்பிடுகிறார். இரட்சிக்கப்பட்ட தேதியைப் பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டிருக்கும் நம் சபைகளுக்கும் இது உறைக்க வேண்டும். உணவு, விளையாட்டு, விடுமுறை ஆகியவற்றையும் கிருபையின் வழிகளாக அவர் காண்கிறார். பெற்றோரின் அதிகாரத்தையோ கண்டிப்பையோ அவர் கைவிடவில்லை. அவற்றை அன்பின் சூழலுக்குள் வைக்கிறார்.

புஷ்னெலும் குறையற்றவரல்லர். கிறிஸ்தவ இனத்தார் பெருகிப் பிற இனத்தாரை மேற்கொள்வர் என்னும் அதிகாரம் இனப்பெருமையின் கறை படிந்தது. நாம் அதனை ஏற்க இயலாது. 1869-இல் பெண்களின் வாக்குரிமையை எதிர்த்து நூலெழுதியவரும் அவரே. இல்லத்தைப் புகழுமிடத்து, கூலிவேலைக்குச் செல்லும் தாயையும், பெற்றோரில்லாப் பிள்ளையையும் அவர் போதுமளவு எண்ணிப் பார்க்கவில்லை. திருமுழுக்கின்போது பிள்ளைக்குப் பொறுப்பேற்பது பெற்றோர் மட்டுமல்லர், சபை முழுவதும் என்பதைக் கொண்டு அவரை நாம் நிறைவுசெய்ய வேண்டும்.

ஆகவே நமது துணிபு இது. பெர்ல் தம்பதியரின் நூலை எவ்வில்லத்திற்கும் பரிந்துரைக்கலாகாது. ஏற்கெனவே பரவியுள்ள இடங்களில் ஆயர் வெளிப்படையாக எச்சரிக்க வேண்டும். டாப்சனின் நூலை வாசிப்போர், வரம்பு பற்றிய அறிவுரையைக் கொண்டு, வெற்றி தோல்வி பற்றிய பேச்சைத் தள்ளக் கற்பிக்கப்பட வேண்டும். புஷ்னெலின் கடின நடையைப் பெற்றோர் தாமே படிப்பரென எதிர்பார்த்தல் வீண். ஆயர் படித்து, பெண்கள் ஐக்கிய சங்கத்திலும், அதனினும் முக்கியமாகத் தந்தையர் கூடுமிடத்திலும், எளிய தமிழில் எடுத்துரைத்தல் நலம்.

பள்ளியில் பிள்ளையை அடித்தலை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடைசெய்துள்ளது. இல்லத்தின் கதவுக்குப் பின்னாலோ, திருச்சபையின் சொல்லுக்கு இன்னும் மிகுந்த செல்வாக்குண்டு. திருமுழுக்குத் தொட்டியருகே குழந்தையைக் கிறிஸ்துவின் சரீரத்தின் அவயவமென அறிக்கையிட்டுவிட்டு, மறுநாள் அதனை அடக்கப்படவேண்டிய எதிரியாகக் காட்டும் நூலைப் பெற்றோர் கையில் கொடுப்போமாயின், நாம் வழங்கிய திருமுழுக்கை நாமே மறுதலிப்பவர்களாவோம்.