எனக்குப் பிடிக்கும், மெ குஸ்தா: ஸ்பானிஷ் பாடங்கள் பற்றி ஒரு குறை

ஸ்பானிஷ் படிக்கணும்னு ரெண்டு தடவை ஆரம்பித்து, ரெண்டு தடவையும் பாதியில் விட்டிருக்கிறேன். சிக்கிக்கொண்ட இடம் ஒன்றுதான்: ‘மெ குஸ்தா எல் கஃபே’. எனக்குக் காபி பிடிக்கும் என்பதற்கான ஸ்பானிஷ் வாக்கியம். நான் வைத்திருந்த புத்தகம் இதற்கென்றே தனி அத்தியாயம் ஒதுக்கியிருந்தது. ‘ஐ லைக் காபி’ என்று நினைக்காதீர்கள், ‘காபி ஈஸ் ப்ளீஸிங் டு மீ’ என்று தலைகீழாக நினைத்துப் பழகுங்கள், கஷ்டம்தான், பொறுமை வேண்டும் என்று ஏகப்பட்ட எச்சரிக்கை. நானும் பயந்துபோய்த் தலைகீழாக நினைக்கப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ‘நான்’ என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வேன்.

மூன்றாவது தடவை, நோட்டில் அந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் சும்மா தமிழில் எழுதினேன். மெ என்றால் எனக்கு. குஸ்தா என்றால் பிடிக்கும். அவ்வளவுதான். தலைகீழாக நினைக்க அதில் ஒன்றுமே இல்லை. பேச ஆரம்பித்த நாளிலிருந்து நான் அப்படித்தானே பேசிக்கிட்டிருக்கேன்!

ஸ்பானிஷுக்கு நமக்குக் கிடைக்கிற பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு எழுதப்பட்டவை. ஆங்கிலம் தெரியும் என்பதால் நாமும் அதையே எடுத்துக்கொள்கிறோம். அதனால் ஆங்கிலேயனுக்கு வருகிற கஷ்டத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறோம். என் குறை இதுதான். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிட்டு, அதற்கு என்ன செய்யலாம் என்றும் சொல்கிறேன்.

ஆங்கிலம் எங்கே உதவுகிறது

முதலில் நியாயமாக ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். சொற்களைப் பொறுத்தவரை ஆங்கிலம் பெரிய சொத்து. இலவசமாகக் கிடைக்கும் ஸ்பானிஷ் பாடங்களில் நான் எல்லோருக்கும் சிபாரிசு செய்வது மிஹாலிஸ் எலெஃப்தெரியூவின் ‘லாங்குவேஜ் டிரான்ஸ்ஃபர்’. மொத்தம் 90 ஒலிப்பதிவுகள். ஓர் ஆசிரியர், ஒரு மாணவி. அவர் கேள்வி கேட்பார். மாணவி பதில் சொல்வதற்கு முன் நாம் ஒலியை நிறுத்தி, நம் பதிலைச் சொல்ல வேண்டும். மனப்பாடம் கிடையாது. லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொற்களைக் காட்டி, ‘ஷன்’ என்று முடிவதை ‘ஸியோன்’ ஆக்கு, ஸ்பானிஷ் வந்துவிடும் என்பார். பிரிப்பரேஷன் ‘ப்ரெபராஸியோன்’ ஆகிறது. அதிலிருந்தே ‘ப்ரெபரார்’, அதாவது தயார் செய்வது என்ற வினையும் கிடைக்கிறது. ஆங்கிலச் செய்தித்தாள் வாசிக்கிற எவருக்கும் ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான சொற்கள் கைக்கு வந்துவிடும். இந்த வசதியைத் தமிழ் தர முடியாது.

தமிழ் தருவது விரல்விட்டு எண்ணக்கூடியவைதான், அதுவும் போர்த்துகீசியர் புண்ணியத்தில். மேசை ஸ்பானிஷிலும் ‘மேஸா’. அலமாரி அங்கே ‘அர்மாரியோ’. கேட்கச் சந்தோஷமாக இருக்கும், ஆனால் இதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது.

சிக்கல் வாக்கியத்துக்கு வரும்போது ஆரம்பிக்கிறது. இந்த வகைப் பாடங்களில் கேள்வி எப்போதும் ஆங்கிலத்தில்தான் வரும்: “இதை எப்படிச் சொல்வாய்?” அப்போது நாம் ஆங்கில வாக்கியத்தைப் பிரித்து, அதை ஸ்பானிஷாகக் கோர்க்கிறோம். நமக்கு ஏற்கெனவே இருக்கிற குறுக்குவழி கண்ணிலேயே படுவதில்லை.

குறுக்குவழிகள்

‘எனக்கு’ வகை வாக்கியங்களிலிருந்து தொடங்கலாம். ‘மெ துவேலெ லா கபேஸா’ என்றால் எனக்குத் தலை வலிக்குது. ‘மெ பரேஸெ’ என்றால் எனக்குத் தோணுது. சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. ஆங்கிலத்தில் ‘ஐ ஹாவ் எ ஹெட்டேக்’ என்று யோசித்து வருபவருக்குத்தான் இது மலை.

ஆனால் எல்லா ‘எனக்கு’வும் இப்படிப் போகாது. எனக்குத் தெரியும் என்பது அங்கே ‘ஸே’, நான் அறிவேன் என்கிற மாதிரி. எனக்கு வேணும் என்பது ‘கியேரோ’, நான் விரும்புகிறேன் என்கிற மாதிரி. எனக்குப் பசிக்குது என்பது ‘தெங்கோ ஆம்ப்ரெ’, என்னிடம் பசி இருக்கிறது என்கிற மாதிரி. இன்னொரு வித்தியாசமும் உண்டு. பிடித்த பொருள் ஒன்றுக்கு மேல் போனால் ஸ்பானிஷில் வினை மாறும். புத்தகங்கள் பிடிக்கும் என்றால் ‘மெ குஸ்தான்’. தமிழில் ஒன்றானாலும் நூறானாலும் ‘பிடிக்கும்’தான். ஆக, ஒரு தமிழர் படிக்க வேண்டியது இந்த விலக்குகளை மட்டும்தான். எந்தப் பாடமும் அந்தப் பட்டியலை நமக்குத் தருவதில்லை, ஏன்னா அது நமக்காக எழுதப்பட்டதில்லை.

அடுத்தது செயப்படுபொருள். ‘புஸ்கோ லா காஸா’ என்றால் வீட்டைத் தேடுகிறேன். ‘புஸ்கோ அ மரீயா’ என்றால் மரியாவைத் தேடுகிறேன். ஆள் என்றதும் நடுவில் ஓர் ‘அ’ முளைக்கிறது. ஆங்கிலப் புத்தகங்கள் இதை ஒரு விநோதமாக அறிமுகப்படுத்தி, மனிதர்களுக்கு முன்னால் போட வேண்டும் என்று விதி சொல்லி, பிறகு விதிவிலக்கு சொல்லும். ‘புஸ்கோ அல் மேதிகோ’ என்றால் குறிப்பிட்ட ஒரு டாக்டரைத் தேடுகிறேன். ‘புஸ்கோ உன் மேதிகோ’ என்றால் யாராவது ஒரு டாக்டர் கிடைத்தால் போதும், அங்கே ‘அ’ இல்லை.

இப்போது நம் பேச்சைப் பாருங்கள். “கடைக்கு ஆள் தேடுறேன்”. “அந்த ஆளைத் தேடுறேன்”. யாரோ ஒருவர் என்றால் ஐ இல்லை, இன்னார் என்றால் ஐ வருகிறது. ஸ்பானிஷின் ‘அ’ செய்கிற வேலையில் பாதியை நம் இரண்டாம் வேற்றுமை தினமும் செய்துகொண்டிருக்கிறது. முழுசாகப் பொருந்தவில்லை என்பதையும் சொல்லணும். “அந்தப் புத்தகத்தைப் படிச்சேன்” என்று நாம் பொருளுக்கும் ஐ போடுவோம். ஸ்பானிஷில் பொருளுக்கு ‘அ’ பொதுவாக வராது. ஆனால் இந்தத் திருத்தம் ஒரே வரி. அத்தியாயம் தேவையில்லை.

மூன்றாவது, இறந்தகாலம். ஸ்பானிஷில் ‘கொமீ’ என்றும் ‘கொமீயா’ என்றும் ரெண்டு வடிவம். ஆங்கிலத்தில் ரெண்டுமே ‘ஐ ஏட்’ ஆகிவிடலாம், அதனால்தான் அவ்வளவு பயிற்சித்தாள்கள். தமிழில் யோசித்தால், ‘கொமீ’ என்பது சாப்பிட்டேன். நடந்து முடிந்த ஒரு செயல். ‘கொமீயா’ என்பது சாப்பிட்டுக்கிட்டிருந்தேன், அல்லது “அப்போல்லாம் பாட்டி வீட்டில்தான் சாப்பிடுவேன்” என்கிறோமே, அந்தச் ‘சாப்பிடுவேன்’. பழைய வழக்கத்தைச் சொல்ல நாம் எதிர்கால வடிவத்தை எடுத்துக்கொள்கிறோம். வடிவம் வேறு, ஆனால் முடிந்த செயல், நடந்துகொண்டிருந்த செயல், வழக்கம் என்ற பாகுபாடு நம் காதில் ஏற்கெனவே இருக்கிறது.

ஒலியிலும்

ஸ்பானிஷில் ‘நாதா’ என்றால் ஒன்றுமில்லை. இதில் வரும் த, ‘அது’ என்பதில் வரும் து மாதிரி மெலிந்து ஒலிக்கும். ‘தோந்தெ’ என்றால் எங்கே. இதில் ‘ந்’துக்குப் பின்னால் வரும் த, ‘பந்து’ என்பதில் வருகிற மாதிரி அழுத்தமாக இருக்கும். ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு இது தனிப்பாடம். நமக்குத் தமிழில் எழுதி வாசித்தாலே பாதி வந்துவிடும்.

ஆனால் அதே தமிழ் எழுத்து ஒரு குழியும் வெட்டுகிறது. ‘நாதா’வுக்குப் பக்கத்திலேயே, பாலாடையைக் குறிக்கும் இன்னொரு சொல் இருக்கிறது. அதில் வரும் த மெலியக் கூடாது, ‘நாத்தா’ என்று இரட்டிக்கவும் கூடாது. உயிரெழுத்துகளுக்கு நடுவில் ஒற்றையாக வரும் வல்லின ஒலிக்குத் தமிழில் பழக்கம் இல்லை. இங்கே தமிழை நம்பினால் மோசம் போவோம், காதால் கேட்டுத்தான் பழக வேண்டும். ‘பெரோ’ என்றால் ஆனால், ர-வை உருட்டிச் சொன்னால் நாய். ர, ற வித்தியாசத்தைப் பேச்சில் இன்னும் காப்பாற்றி வைத்திருக்கிற ஊர்க்காரர்களுக்கு இது எளிது. மற்றவர்கள் நாக்கைப் பயிற்றுவிக்க வேண்டியதுதான்.

தமிழ் கைவிடும் இடம்

தமிழ் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. மேசைக்குப் பெண்பால், அலமாரிக்கு ஆண்பால் என்பதை நம் திணை, பால் எதுவும் விளக்காது. சொல்லோடு சேர்த்து ‘லா மேஸா’, ‘எல் அர்மாரியோ’ என்றே படிக்க வேண்டும். ‘நேற்று வந்த பையன்’ என்று நாம் முன்னால் வைப்பதை ஸ்பானிஷ் பையனுக்குப் பின்னால் வைக்கும். அங்கே ஆங்கில வரிசைதான் கைகொடுக்கும்.

‘ஸேர்’, ‘எஸ்தார்’ என்ற ரெண்டு ‘இரு’க்களில் தமிழ் பாதி தூரம் கூட வரும். ‘அவர் டாக்டர்’ என்று வினையே இல்லாமல் சொல்வது ‘ஸேர்’ பக்கம், ‘அவர் வீட்டில் இருக்கிறார்’, ‘களைப்பாக இருக்கிறார்’ என்பது ‘எஸ்தார்’ பக்கம். ஆனால் ‘அவர் உயரமாக இருக்கிறார்’ என்பதற்கு ‘இருக்கிறார்’ இருக்கிறதே என்று ‘எஸ்தார்’ போட்டால் தப்பு. நான் போட்டிருக்கிறேன்.

காதுக்கு

இலக்கணம் புரிந்துவிட்டால் பேச்சு புரிந்துவிடாது. கேட்பதற்கு 1992-இல் வந்த ‘தெஸ்தீனோஸ்’ என்ற தொடரைச் சொல்வேன். பாடத்துக்காகவே எடுக்கப்பட்ட 52 பகுதி நாடகம். லாஸ் ஏஞ்சலஸ் வக்கீல் ராகேல், சாகக் கிடக்கும் ஒரு பெரியவரின் முதல் மனைவியைத் தேடி ஸ்பெயின், அர்ஜென்டினா, புவெர்த்தோ ரீகோ, மெக்சிகோ என்று அலைகிறார். கொஞ்சம் பழைய சீரியல் வாடை அடிக்கும். ஆனால் ராகேல் அதுவரை நடந்ததை மெதுவாக நமக்குத் திரும்பச் சொல்வார். பாத்திரங்கள் தங்களுக்குள் பேசும் வேகம் ஒன்று, நம்மிடம் பேசும் வேகம் ஒன்று. ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கச் சொல்லி அது நம்மைத் துரத்துவதில்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதி. நாட்டுக்கு நாடு உச்சரிப்பு மாறுவதும் காதில் விழும்.

குறை, அளவுதான். பகுதிக்கு அரை மணி என்றால் மொத்தமே 26 மணி நேரம். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் ஸ்பானிஷுக்கு நூற்றுக்கணக்கான வகுப்பு மணி நேரம் கணக்கு வைக்கிறது. அதுவும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கான அளவுகோல். ‘ஸ்பானிஷ் சுலபமான மொழி’ என்று படித்துவிட்டுத் திணறுகிறவர்கள், யாருக்குச் சுலபம் என்று கேட்டுக்கொள்வது நல்லது. நமக்குச் சுலபமான இடங்கள் வேறு, கஷ்டமான இடங்கள் வேறு.

நான் இப்போது செய்வது

ஒலிப்பாடத்தில் ஆங்கிலக் கேள்வி வந்ததும் நிறுத்துகிறேன். அதைப் பேச்சுத் தமிழில் வாய்விட்டுச் சொல்கிறேன். எழுத்துத் தமிழில் இல்லை, வீட்டில் அம்மாவிடம் சொல்கிற மாதிரி. பிறகு ஸ்பானிஷ். நோட்டில் ஒரு பக்கம் ‘தமிழோடு போகும்’, எதிர்ப்பக்கம் ‘தமிழை விட்டுவிடு’. புதிதாக வரும் ஒவ்வொரு வாக்கியமும் ரெண்டில் ஒன்றில் போய் உட்காரும்.

இதுவும் ஊன்றுகோல்தானே, நேரடியாக ஸ்பானிஷிலேயே யோசிக்க வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும்தான். ஊன்றுகோல் என்றைக்காவது கீழே போட வேண்டியதுதான். ‘மெ குஸ்தா’ இப்போது தமிழ் இல்லாமலே வருகிறது. ஆனால் ஊன்றி நடக்கிற மாதங்களில் கோல் நம் உயரத்துக்கு இருக்கணும். அடுத்தவர் உயரத்துக்கு வெட்டிய கோலோடு நடந்து, எனக்கு நடக்கவே வராது என்று ரெண்டு தடவை முடிவு கட்டினேன். அந்தத் தப்பை நீங்களும் செய்ய வேண்டாம் என்பதற்குத்தான் இவ்வளவும்.